எட்டுக்குப் பின் இருபத்தொன்று

துவாரகாவில் குடியிருப்பவர்களுக்கு மெட்ரோ ரயிலின் நீல வழித்தடம் வாய்ப்பாடு போல மனப்பாடம். நவாதா, துவாரகா மோர், துவாரகா என்று வந்து, அதன்பின் செக்டார் 14, 13, 12, 11, 10, 9, 8 என எண்கள் ஒவ்வொன்றாக இறங்கும். எட்டுக்கு அடுத்து ஏழு வராது. இருபத்தொன்று வரும். தில்லிக்குப் புதிதாக வரும் உறவினர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறை வியப்பார்கள். 'நடுவில் இருந்த செக்டார்களை யார் தூக்கிக்கொண்டு போனார்கள்?' என்று கேட்டுச் சிரிப்பது எங்கள் வீட்டில் வழக்கமான வேடிக்கை.

என் தந்தை 1968-இல் கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு வந்தவர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் பணியாற்றி, ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, ஓய்வு பெற்றபின் துவாரகாவின் கூட்டுறவு அடுக்ககம் ஒன்றில் குடியேறினார். 2005 டிசம்பர் 31 அன்று துவாரகாவுக்கு மெட்ரோ வந்தபோதும், 2010-இல் அது செக்டார் 21 வரை நீண்டபோதும் முதல் வாரத்திலேயே பயணம் செய்து பார்த்தவர். பேரனை மடியில் இருத்தி, நிலையங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே பேரன் இப்போது மீசை அரும்பிய இளைஞன். ரயிலில் பழைய விளையாட்டை அவனே தொடங்கி வைத்தான். அப்பா உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பத்து, ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு, ஐந்து... ஒன்று வரை போனார். பேரன் சிரித்தான். வேடிக்கைக்காகச் சொல்கிறார் என்று நாங்களும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எட்டுக்கு அப்புறம் இருபத்தொண்ணுன்னு எனக்குத் தெரியும்மா. வாய்தான் நிக்க மாட்டேங்குது."

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு நோயின் முக்கியமான இயல்பு அடங்கியிருந்தது என்பதை உணர எங்களுக்கு இன்னும் ஓராண்டு தேவைப்பட்டது.

மறதி மட்டும் அன்று

அல்சைமர் என்றதும் மறதியே நம் நினைவுக்கு வருகிறது. சாவியை எங்கே வைத்தோம், காலையில் யார் வந்தார்கள், மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்பவை மறந்துபோகும். இது உண்மை. பெரும்பாலானோருக்கு நோய் முதலில் தாக்குவது மூளையின் உட்புறத்தில், புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் பகுதியையே. ஆனால் மறதி ஒன்றே நோய் என்று எண்ணுவதால் குடும்பங்கள் ஒரு பெரிய தவற்றைச் செய்கின்றன. மறதியை மன்னிக்கிறோம். மற்றவற்றை 'பிடிவாதம்' என்றும் 'வேண்டுமென்றே செய்கிறார்' என்றும் 'வயதாகியும் கூச்சம் இல்லை' என்றும் பெயரிட்டுக் கோபித்துக்கொள்கிறோம்.

அந்த மற்றவற்றில் இரண்டு இங்கே நமக்கு முக்கியம். ஒன்று, தொடங்கிவிட்ட அல்லது தொடங்கத் துடிக்கிற ஒரு செயலைத் தடுத்து நிறுத்தும் திறன். மற்றது, ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மனத்தைத் திருப்பும் திறன். வண்டி ஓட்டுபவர்களுக்குச் சொல்வதானால் முதலாவது பிரேக், இரண்டாவது கியர். இவ்விரண்டும் பெரிதும் முன்மூளையையும், அதை மூளையின் பிற பகுதிகளோடு இணைக்கும் நரம்பு வழிகளையும் சார்ந்தவை. அல்சைமர் நோயில் இத்திறன்கள், பலர் நினைப்பதைவிட முன்னதாகவே தளரத் தொடங்குகின்றன.

நலமாக இருக்கும்போது இந்த பிரேக்கை நாம் உணர்வதே இல்லை. அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு, அதோடு சற்றும் தொடர்பில்லாத ஒரு சொல்லால் அதை முடிக்கச் சொல்வார்கள். தமிழில் பழமொழிகளைக் கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். 'குரைக்கிற நாய்...' என்று ஒருவர் சொன்னால் 'கடிக்காது' என்பது நாவின் நுனிக்கு வந்துவிடும். அதை விழுங்கிவிட்டு 'தாழ்வாரம்' என்றோ 'எலுமிச்சை' என்றோ சொல்ல வேண்டும். நமக்கு ஒரு நொடி தயக்கம் ஏற்படும், பிறகு வந்துவிடும். அல்சைமர் நோயாளர் பலருக்கு 'கடிக்காது' என்பதே மீண்டும் மீண்டும் வரும். விதி என்ன என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். விதியை அறிவது வேறு, அதன்படி வாயை நிறுத்துவது வேறு.

அப்பாவை ஒரு மருத்துவமனையின் நினைவாற்றல் பிரிவுக்கு அழைத்துச் சென்றபோது இத்தகைய சோதனைகள் பலவற்றை நேரில் கண்டேன். 'நான் மேசையை ஒருமுறை தட்டினால் நீங்களும் ஒருமுறை தட்டுங்கள்; நான் இருமுறை தட்டினால் தட்டவே கூடாது' என்றார் உளவியல் வல்லுநர். அப்பா தலையசைத்தார். விதியைத் திருப்பிச் சொல்லவும் செய்தார். ஆனால் அவர் இருமுறை தட்டியபோதெல்லாம் அப்பாவின் விரலும் இருமுறை தட்டியது. தட்டிவிட்டு, தன் விரலையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து எண்ணையும் எழுத்தையும் மாறி மாறி இணைக்கும் சோதனை: 1, அ, 2, ஆ, 3, இ என்று கோடு போட்டுக்கொண்டே போக வேண்டும். எண்களை மட்டும் இணைக்கச் சொன்னபோது தயங்காமல் முடித்தவர், எழுத்தும் கலந்ததும் மூன்றாவது அடியிலேயே 3, 4, 5 என்று எண்களின் பின்னால் போய்விட்டார். முப்பத்தாறு ஆண்டுகள் கணக்கு எழுதிய கை அது. எண்ணில் பிழையில்லை, திரும்புவதில்தான் பிழை.

வண்ணப் பெயர்களைக் கொண்ட சோதனையும் புகழ் பெற்றது. 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையால் அச்சிட்டு, மையின் நிறத்தைச் சொல்லக் கேட்பார்கள். சொல்லைப் படிக்கும் பழக்கத்தை அடக்கினால்தான் 'பச்சை' என்று சொல்ல முடியும். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1935-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த இம்முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. படித்தவருக்கே இது பொருந்தும் என்பது இதன் குறை.

இந்த இயல்பு அண்மையில் கண்டறியப்பட்டது அன்று. நோய்க்குப் பெயர் தந்த அலோய்ஸ் அல்சைமரின் முதல் நோயாளரிடமே இது இருந்தது. 1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்பர்ட் மருத்துவமனையில் 51 வயதான ஆகுஸ்ட டீட்டர் என்ற பெண்மணி சேர்க்கப்பட்டார். மறுநாள் அல்சைமர் அவரிடம் பெயரைக் கேட்டார். ஆகுஸ்ட என்றார். குடும்பப் பெயரைக் கேட்டார். அதற்கும் ஆகுஸ்ட என்றார். கணவரின் பெயரைக் கேட்டார். அதற்கும் ஆகுஸ்ட என்றே நினைப்பதாக விடை வந்தது. முதல் கேள்விக்குப் பொருந்திய விடை அடுத்த கேள்விகளிலும் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மையார் 1906-இல் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அல்சைமர் அவருடைய மூளையில் கண்டவற்றை டூபிங்கன் நகரில் மருத்துவர்கள் முன் விவரித்தார். தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட மருத்துவக் குறிப்பேடு 1995-இல் பிராங்பர்ட்டிலேயே கிடைத்தது. அதனால்தான் அந்த உரையாடல் இன்று நமக்குத் தெரிகிறது.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கட்டுப்பாடு தளர்வதே முதன்மையான அறிகுறியாக, நினைவாற்றல் நன்றாக இருக்கும்போதே, அதுவும் ஐம்பது அறுபது வயதுகளில் தோன்றினால், அது முன்மூளையையும் பக்கமூளையையும் தாக்கும் வேறொரு நோயாக இருக்கக்கூடும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு, எப்போதோ விழுந்ததால் மண்டைக்குள் மெல்ல உறைந்த இரத்தம் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரலாம். இவற்றுள் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே வீட்டிலேயே நோய்க்குப் பெயர் சூட்டுவது கூடாது.

இரு மொழிகளுக்கு நடுவே

அப்பாவிடம் நாங்கள் கவனித்த அடுத்த மாற்றம் மொழியில். தில்லித் தமிழரின் ஒரு நாள் என்பது மொழிமாற்றங்களின் தொடர். வாசலில் காய்கறி வண்டிக்காரரிடம் இந்தி, அடுக்களையில் தமிழ், தொலைபேசியில் ஆங்கிலம், மின்தூக்கியில் எதிர்ப்படும் பஞ்சாபி அம்மையாரிடம் மீண்டும் இந்தி. ஒவ்வொரு முறையும் ஒரு மொழியை எடுப்பதோடு மற்ற மொழிகளை அடக்கவும் செய்கிறோம். அப்பாவோ அம்மாவிடம் இந்தியில் உப்பு கேட்கத் தொடங்கினார். காய்கறிக்காரரிடம் தூய தஞ்சாவூர்த் தமிழில் முருங்கைக்காய் விலையை விசாரித்தார். அவர் சற்று விழித்துவிட்டு, கையைக் காட்டி விலையைச் சொல்லிவிடுவார். அவருக்கு இதில் சிரமம் இருந்ததாகத் தெரியவில்லை. சிரமப்பட்டவள் அம்மாதான். "ஐம்பது வருஷமா என்கிட்ட பேசின பேச்சை மறந்துட்டாரா?" என்று அழுதாள். மறக்கவில்லை. எதிரில் இருப்பவருக்கேற்ப மொழியைத் திருப்பும் கியர் தளர்ந்திருந்தது. இருமொழியாளர்க்கு இந்நோய் வரும்போது எதிராளிக்குப் பொருந்தாத மொழியைத் தேர்வதும், இரண்டையும் கலப்பதும் நிகழ்வதை ஆய்வாளர்கள் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இந்த மொழிமாற்றப் பழக்கமே நோயைத் தள்ளிப்போடக்கூடும் என்று காட்டிய ஆய்வுகளுள் பெரிதாகப் பேசப்பட்ட ஒன்று நம் நாட்டில் நடந்தது. ஐதராபாத்தின் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் சுவர்ணா அல்லாடியும் அவருடைய குழுவினரும் மறதி நோய் கொண்ட 648 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டனர். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு, ஒரே மொழி பேசியவர்களைவிடச் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாகவே நோய் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு காணப்பட்டதுதான் சிறப்பு. அதனால் இதைக் கல்வியின் பயன் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியவில்லை. வேறு நாடுகளில் செய்யப்பட்ட எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், அப்பாவுக்கு எழுபத்தாறு வயதில் வெளிப்பட்ட நோய் மும்மொழிப் பழக்கம் இல்லாதிருந்தால் முன்னரே வந்திருக்குமா என்பதை யாராலும் சொல்ல இயலாது. இருந்தாலும், அந்த ஆண்டுகள் எங்களுக்கு வெகுமதியாகக் கிடைத்தவை என்று எண்ணிக்கொள்வதில் ஒரு சிறு ஆறுதல் இருக்கிறது.

பல்லப்கரும் துவாரகாவும்

துவாரகாவிலிருந்து காரில் புறப்பட்டால் போக்குவரத்தைப் பொறுத்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அரியானாவின் பல்லப்கரை அடையலாம். அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நெடுங்காலமாக ஊரக நலப்பணி நடத்திவரும் பகுதி அது. 1990-களில் அங்குள்ள சிற்றூர்களில் 55 வயதைக் கடந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் மறதி நோய் குறித்த ஆய்வு ஒன்று நடந்தது. விஜய் சந்திரா, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி கங்குலி முதலியோர் அதை முன்னின்று நடத்தினர். பேனாவே பிடித்திராத முதியவர்களிடம் 'இந்த வாக்கியத்தைப் படியுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள்' என்று கேட்கும் மேலைநாட்டுச் சோதனை பயன்படாது. ஆகவே இந்தியில் புதிய சோதனையை அவர்கள் உருவாக்கினர். 1998-இல் வெளியான முடிவு உலகையே வியப்பில் ஆழ்த்தியது. 65 வயதுக்கு மேற்பட்டோரில் அல்சைமர் நோய் கொண்டவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே.

ஏன் இவ்வளவு குறைவு என்பது பற்றி உணவு, மரபணு, குறைந்த ஆயுள் என்று பலவாறாகப் பேசப்பட்டது. எனக்கு அந்த ஆய்வில் மிகவும் பிடித்தது வேறொரு செய்தி. முதியவரின் அன்றாடத் திறனை அளக்க ஆய்வாளர்கள் ஒரு புதிய அளவுகோலையும் செய்ய வேண்டியிருந்தது. மேலைநாட்டு அளவுகோல்கள் 'காசோலைப் புத்தகத்தைச் சரிபார்க்கிறாரா, தனியாகக் கடைக்குப் போகிறாரா' என்று கேட்கும். கூட்டுக் குடும்பத்தில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருக்கும் தாத்தாவிடம் யாரும் அந்த வேலைகளை ஒப்படைப்பதே இல்லை. செய்யாத வேலையில் பிழை எப்படித் தெரியும்? தட்டில் உணவு வருகிறது. உண்டு முடித்ததும் தட்டு போகிறது. ஒரு நேரத்தில் ஒரே வேலை. இடையே மணியடிக்கும் தொலைபேசி இல்லை.

துவாரகாவின் முதியவர் வேறு. பிள்ளைகள் பெங்களூரிலோ டொராண்டோவிலோ இருப்பார்கள். நான்காம் மாடியில் இருவர் மட்டும். பால் கொதிக்கும்போது வாயிற்காவலர் உள்ளிணைப்புத் தொலைபேசியில் அழைப்பார். பொட்டலம் கொண்டு வந்தவர் கடவுச்சொல் கேட்பார். அந்தக் கடவுச்சொல் கைப்பேசியில் வந்திருக்கும். கைப்பேசியைத் திறந்தால் மின்கட்டண நினைவூட்டல் நிற்கும். ஐந்து நிமிடத்தில் நான்கு வேலைமாற்றங்கள். அப்பா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மின்கட்டணத்தையும் செலுத்திவிடுவார், அடுப்பில் பால் கரியாகும். மறுநாள் அதே கட்டணத்தை மீண்டும் செலுத்துவார். நகரத்துத் தனிக் குடித்தனம் இந்தக் குறையை முன்னதாகவே வெளிச்சத்துக்குக் கொண்டு வந்துவிடுகிறது. அதைக் கண்டுகொள்ளத்தான் அருகில் ஆள் இருப்பதில்லை. நான் பக்கத்து செக்டாரில் இருந்தும்கூட ஓராண்டு தாமதமாகவே புரிந்துகொண்டேன்.

இன்றைய நிலையைச் சொல்லும் விரிவான கணக்கீடு 2023-இல் வெளிவந்தது. நாடு தழுவிய முதியோர் ஆய்வு ஒன்றின் பகுதியாக அமைந்த அது, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், ஏதேனும் ஒருவகை மறதி நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது.

'செய்யாதீர்கள்' என்பதை விட்டோம்

வீட்டில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றில் பாதியைச் சொல்லிக் கொடுத்தவர் அந்த உளவியல் வல்லுநர். மீதியை அம்மாவே கண்டுபிடித்தாள்.

'அங்கே போகாதீர்கள்' என்று சொன்னால் அப்பா போவார். காரணம் பிடிவாதம் அன்று. போவதை நிறுத்து என்ற கட்டளைக்குத் தேவைப்படுவது அவரிடம் தளர்ந்துவிட்ட அதே பிரேக்தான். 'இங்கே வாருங்கள்' என்றால் வந்துவிடுவார். நிறுத்தச் சொல்வதைவிட வேறொன்றைத் தொடங்கச் சொல்வது எளிது. பேச்சு ஒரே வளையத்தில் சுழலும்போது அம்மா வாதாட மாட்டாள். கையில் ஒரு கிண்ணம் அவரைக்காயைக் கொடுத்துவிடுவாள். காய் நறுக்கும் பொறுப்பு வந்ததும் பேச்சு தானாக அடங்கும். ஒரு வேலை முடிந்தது என்பதை அவர் கண்ணால் காண வேண்டும் என்றும் தெரிந்துகொண்டோம். நாளிதழை மடித்து எடுத்து வைத்து, மேசையைத் துடைத்து, சற்று இடைவெளி விட்ட பிறகே தட்டு வரும். தொலைக்காட்சி ஓடும்போது உணவு இல்லை. கேள்வி ஒரு நேரத்தில் ஒன்று.

கண்ணில் படும் பொருளே கைக்குக் கட்டளையாகிவிடும் என்பதையும் அனுபவத்தில் கண்டோம். முகச்சவரக் கருவி மேடையில் இருந்தால் மூன்றாவது முறையும் சவரம் நடக்கும். ஒருமுறை முடிந்ததும் அதை உள்ளே வைத்தால் எந்தச் சண்டையும் இல்லை. இப்படி எழுதும்போது எளிதாகத் தோன்றுகிறது. அறுபது முறை ஒரே கேள்விக்கு விடை சொன்ன நாளில் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்துவிட்டதும் உண்டு. அன்று அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணமும் பிரேக்கும்

இந்த இதழின் வாசகர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. பணம் கையாள்வதில்தான் இவ்விரு திறன்களும் மிகக் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. எனவே பாதிப்பும் அங்கே சீக்கிரம் தெரியும்.

ஒருமுறை படிவம் ஒன்றில் கையொப்பமிட அப்பாவை வங்கிக் கிளைக்கு அழைத்துச் சென்றேன். ஓரிடத்தில் இட வேண்டிய கையொப்பத்தை, கோடிட்ட இடங்களிலெல்லாம் வரிசையாக இட்டுக்கொண்டே போனார். எதிரிலிருந்த இளம் அலுவலர் ஒன்றும் பேசாமல் புதிய படிவத்தை எடுத்து, மற்ற பகுதிகளை வெள்ளைத் தாளால் மூடி, ஒரே ஒரு கோடு மட்டும் தெரியும்படி வைத்தார். அப்பா அதில் ஒரே ஒரு கையொப்பமிட்டார். அந்தப் பெண்ணுக்கு யார் இதைச் சொல்லிக் கொடுத்தார்களோ, தெரியாது. அவளுடைய பாட்டியாக இருக்கலாம்.

மற்றொரு நாள் நடந்தது இவ்வளவு இனியதன்று. 'உங்கள் மின்னிணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும்' என்று ஒரு குரல் தொலைபேசியில் மிரட்டியது. அப்பா கடவுச்சொல்லைப் படித்துச் சொல்லிவிட்டார். 38,000 ரூபாய் போயிற்று. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக்கூடாது என்று எங்கள் அடுக்ககத்தின் மூத்தோர் கூட்டத்தில் எழுந்து பேசியவரே அவர்தான். அன்று மாலை கேட்டபோதும் விதியை வரி பிசகாமல் சொன்னார். எண் கண்ணில் பட்டது, கேள்வி காதில் விழுந்தது, வாய் படித்துவிட்டது. விழிப்புணர்வு அறிவுரைகள் அறிவுக்குச் சொல்லப்படுபவை. பிரேக் இல்லாத இடத்தில் அவை மட்டும் போதமாட்டா. 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்ததால் ஒரு பகுதி முடக்கப்பட்டுத் திரும்பி வந்தது. காலந்தாழ்த்தினால் அதுவும் வந்திராது.

அதன்பின் நாங்கள் செய்தவை இவை. மின்சாரம், குழாய் எரிவாயு, தொலைபேசிக் கட்டணங்கள் கணக்கிலிருந்து தானாகச் செல்லுமாறு அமைத்தோம். ஓய்வூதியக் கணக்கிலிருந்து கைப்பேசிவழிப் பணமாற்றத்தை நீக்கி, சிறிய இருப்புள்ள தனிக் கணக்கு ஒன்றில் மட்டும் வைத்தோம். அவர் கையால் பணம் கொடுக்கும் மகிழ்ச்சியைப் பறிக்க எங்களுக்கு மனமில்லை. பரிவர்த்தனைச் செய்திகள் என் எண்ணுக்கும் வருமாறு செய்தோம். இவை அனைத்தையும் அப்பா தெளிவாக இருந்த காலை வேளைகளில், அவரிடம் சொல்லி, அவர் ஒப்புதலோடு செய்தோம். இது நல்லெண்ணத்துக்காக மட்டும் அன்று, சட்டத்துக்காகவும்தான்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன்படி, ஒப்பந்தம் செய்பவர் அந்த நேரத்தில் தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும். அதே சட்டத்தின் 201-ஆம் பிரிவு, அதிகாரம் அளித்தவர் மனத்தெளிவை இழந்தால் முகவரின் அதிகாரமும் முடிவுக்கு வரும் என்கிறது. 'அப்பாவின் பெயரில் அதிகாரப் பத்திரம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்' என்று இருப்பவர்கள், எந்தச் சூழலுக்காக அதை எழுதி வாங்கினார்களோ அந்தச் சூழலிலேயே அது பயனற்றுப் போவதை அறிந்து திகைக்கிறார்கள். நியமனதாரர் என்ற பதிவும் கணக்காளரின் வாழ்நாளில் கணக்கை இயக்கும் உரிமையைத் தராது. காலம் கடந்தபின் குடும்பங்கள் காப்பாளர் நியமனம் கோரி நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கிறது. ஆகவே 'இருவரில் எவரேனும் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுவது, விருப்ப ஆவணம் எழுதுவது போன்றவற்றை, தட்டும் சோதனையில் விரல் தடுமாறத் தொடங்கும் காலத்திலேயே வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து முடித்துவிடுவது நல்லது. கூட்டுக் கணக்கில் சேர்க்கப்படுபவர் முழு நம்பிக்கைக்கு உரியவரா என்பதை அவரவர்தாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நோய் முற்றியவர்களைக் கிளைக்கு அழைத்து வருவது எல்லோருக்கும் துன்பம். 70 வயதைக் கடந்தோர்க்கும் உடல் நலிந்தோர்க்கும் பணம் பெறுதல், செலுத்துதல் முதலிய அடிப்படைச் சேவைகளை இல்லத்திலேயே வழங்க வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. கையொப்பமிட இயலாதவர்களின் பெருவிரல் ரேகையை, வங்கி அலுவலர் ஒருவர் உட்பட இரு சாட்சிகள் முன்னிலையில் ஏற்கும் முறையும் உண்டு. கிளையில் கேட்டால் விவரம் தருவார்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இப்போதும் மாதம் ஒருமுறை அப்பாவை மெட்ரோவில் அழைத்துச் செல்கிறேன். கூட்டமில்லாத முற்பகல் வேளையில், கடைசிப் பெட்டியில். சென்ற மாதம் பேரனும் விடுமுறையில் வந்திருந்தான். செக்டார் 10 தாண்டியதும் அப்பா தொடங்கினார். ஒன்பது என்றார், எட்டு என்றார். ரயில் எட்டை விட்டுக் கிளம்பியது. அவர் உதடு 'ஏழு' என்று குவிவதற்குள் பேரன் தன் தோள்பையை நீட்டி, "தாத்தா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்றான். அப்பா பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாரைச் சரி செய்தார். எண்ணிக்கை நின்றுவிட்டது. அறிவிப்புக் குரல் இந்தியில் அடுத்த நிலையத்தின் பெயரைச் சொன்னது. அப்பா நிமிர்ந்து பார்த்து, அந்தக் குரலுக்கு விடை சொல்வது போல, தமிழில், "இருபத்தொண்ணு" என்றார்.